வதிவிடம்

யூனியன் பிளேஸில் ஒன்பதாம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் பேரை வாவி,
என்ன நிறம் என்று மட்டும் கேட்காதீர்கள்.
நாங்கள் ஆறு பேர்
ஒரு இயந்திரத்துக்கு வாசிக்கப் பழக்குகிறோம்.

இணையத்தில் கிடக்கும் தமிழையெல்லாம் அது மேயும்.
ஒரு தகவலைக் கவ்விக்கொண்டு வந்து
என் திரையில் போடும்,
எலி பிடித்த பூனை மாதிரி.
சரி என்றால் பச்சை, பிழை என்றால் சிவப்பு.
ஒரு நாளைக்கு எண்ணூறு.

மருதானை ஒரு வகை யானை. சிவப்பு.
கொம்பனித்தெரு ஒரு தெரு. சிவப்பு.
(அங்கே பிறந்த சஃப்ரினா
அதை இரண்டு தரம் அழுத்தினாள்.)
ஐந்துலாம்புச் சந்தியில் ஐந்து லாம்புகள் உண்டு.
இதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.
சனிக்கிழமை போய் எண்ணிவிட்டு வருவதாக
பவித்ரன் சொன்னான்.
போகவில்லை.
பச்சை போட்டோம்.

மரண அறிவித்தல்தான் அதற்குப் பாற்சோறு.
புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும்
வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட
தர்மகுலசிங்கம் அவர்கள்...
பெயர், ஊர், மனைவி, மருமக்கள், கனடா,
எல்லாம் கொழுவி வைத்த சட்டைகள் போல வரிசையில்.
ஒரே இரவில் பதினோராயிரம் வாசித்துவிட்டு
காலையில் வந்து சொன்னது:

வெள்ளவத்தையில் வசிப்பவர்கள் இறந்தவர்கள்.
நம்பிக்கை: தொண்ணூற்றேழு சதவீதம்.

சஃப்ரினா சிரித்த சிரிப்பில்
பிளேன்டீ மேசையெல்லாம் ஊற்றுண்டது.
நானும் சிரித்தேன்.
என் வாடகை ஒப்பந்தம் அங்கேதான்.
சிவப்பை அழுத்தினேன்.
மறுப்புக்குச் சான்று தருக என்றது.

இந்த நகரத்தில் சான்று கேட்கும் குரல்
எனக்குப் புதிதில்லை.
லொட்ஜ் வாசலில், இரவு பதினொரு மணிக்கு:
பெயர் என்ன, பிறந்த இடம் எது, இங்கே என்ன வேலை.
அப்பா பொலிஸ் பதிவுத் துண்டை
மடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்து
மடிப்பு விழுந்த இடத்தில்
என் பெயர் கிழிந்துபோயிற்று.
இதற்குச் சீருடை இல்லை.
கோபம்கூட இல்லை.

கொள்ளுப்பிட்டி வரை நடந்து
நூறாம் இலக்க பஸ்ஸில் வீடு திரும்பினேன்.
சூடை மீனுக்கு ஒருத்தி
கடைக்காரனின் தாய்வரைக்கும் போய்ப் பேரம் பேசினாள்.
கரையோர ரயிலுக்கு யன்னல் அதிர்ந்தது.
மேல்வீட்டில் யாரோ மிருதங்கத்தில்
நேற்றைய பிழையையே இன்றும் வாசித்தார்கள்.
இதையெல்லாம் யார் எழுதி வைக்கிறார்கள்?
உயிரோடு இருப்பதற்கு
அறிவித்தல் போடும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இரவு நானே ஒன்று எழுதிப் பதிவேற்றினேன்:
கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும்
வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட
யசோதினி
இன்று மாலை அரைக்கிலோ சூடை வாங்கினாள்.
லிஃப்ட் பழுது. ஐந்து மாடி ஏறினாள்.
மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினாள்.

காலையில் அது வாசித்திருந்தது.
பெயரை எடுத்திருந்தது, ஊரை எடுத்திருந்தது.
மீனை விட்டுவிட்டது.
மூச்சை எங்கே வைப்பதென்று
அதற்குத் தெரியவில்லை போலும்.
நம்பிக்கை: நாலு சதவீதம்.
மூலங்கள்: ஒன்று.

பவித்ரா, என்று பக்கத்து மேசையைத் தட்டினேன்,
நீயும் வெள்ளவத்தைதானே,
ராத்திரி என்ன சாப்பிட்டாய்?
எழுது.