ஆறாவது எழுத்து

நாரினில் இன்று மைனஸ் இருபத்திரண்டு.
பால் நிலையத்தின் கறுப்புத் திரையில்
என் முதல் ஸ்கிரிப்ட், ஒன்பதே வரி:
பெயரை வாசி, லிட்டரை ஒட்டு, காட்டு.
வேறெதுவும் கேட்கவில்லை நான்.

வரி பிறழ்ந்து வந்தது.
ஜிபார்கான் நிற்க வேண்டிய இடத்தில்
"14 லிகான்."
பாலை ஆண்ட யாரோ ஒரு கான் போல.
நீளப் பெயர்களுக்கு வாலாவது மிஞ்சியது.
குட்டிப் பெயர்கள் சுத்தமாகக் காலி.

மீசையில் உறைபனியோடு எட்டிப் பார்த்தான் எர்மெக்.
"பதினாறு லிட்டர் இருக்கு, பெகிமாய்.
நான் எங்கே?"

இடைவெளி கூட்டினேன்.
ஒற்றை மேற்கோளை இரட்டையாக்கினேன்,
இரட்டையை எடுத்தே விட்டேன்.
அப்போது நாற்பது பேரும் ஒரே வரியில் நெரிந்தார்கள்,
பிஷ்கெக் போகும் வெள்ளிக்கிழமை வேன்போல.
திரும்ப வைத்தேன்.
கோப்பைத் திறந்தால் பெயர் இருக்கிறது.
ஓட்டினால் இல்லை.
தேநீர் ஆறி, மேலே ஏடு படிந்தது.

கடைசியில், கோபத்தில்,
எர்மெக்கை எண்ணச் சொன்னேன்.
எங்கள் எழுத்தில் அவன் ஐந்து.
ஆறு என்றது.

ஆறா?

மறைந்ததையும் காட்டு என்று
கட்டளைக்கு ஒரு சின்னக் கொக்கி மாட்டினேன்.
ஒவ்வொரு பெயரின் முதுகிலும்
ஒரு கூரைக்குறி, ஓர் எம்.
கணக்கர் சாகின் தன் விண்டோஸ் கணினியில்
பட்டியலைச் சேமித்தபோதே
வரிக்கு வரி ஏறிக்கொண்ட எழுத்து அது.
பழைய தட்டச்சு இயந்திரத்தின் வண்டி
கிறீச்சென்று இடப்பக்கம் ஓடுமே, அந்த ஆணை:
திரும்பு, ஆனால் இறங்காதே.
இறங்காமல் திரும்பினால் என்ன ஆகும்?
எழுதியதன் தலையிலேயே எழுதுவாய்.
லிட்டர் வேண்டுமென்று யாரையும் விழுங்கவில்லை,
போய் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது.

பத்தாவது வரி சேர்த்தேன்:
அதை மட்டும் உதிர்த்துவிடு.

நாற்பது பேரும் இடப்பக்கம் வரிசையாக,
எண்கள் வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி,
மரியாதையாக.
ஜிபார்கான் தலையோடு வந்தாள்.

எர்மெக் கையுறையைக் கழற்றி
விரல் வைத்துத் தன் பெயரைத் தேடினான்.
"சரி, நான் இருக்கேன்.
இப்போ சொல்லு, பதினாறு எப்படி?
நான் ஊத்தினது பதினேழு."

ஸ்கிரிப்டை மேலிருந்து கீழாக
இரண்டு முறை படித்தேன்.
அதில் ஒரு குறையும் இல்லை.
காலையில் அளவுக்கோலைப் பிடித்தது
நான்தான்.