வயிற்றுவலிக் கணக்கு

என் வேலை எண்ணுவது.
யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன்.
காய்ச்சலுக்கு ஓர் எழுத்து.
இழவு வீட்டுக்கு ஓர் எழுத்து.
பாதாம் மரம் உலுக்கும் மாதத்தில்
பதினாறு வயதுக் கைகள் தோப்புக்குள் மறைவதற்கு
எழுத்தே இல்லை,
அதையும் காய்ச்சலில் சேர்த்துவிடுவேன்.

செப்டம்பரில் வயிற்றுவலி முப்பத்தொன்று.
அக்டோபரில் அறுபத்து நான்கு.
தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றார்
முதல்வர் ஹால்வொர்சன்.
சோதித்தார்கள்.
தண்ணீருக்கு ஒன்றுமில்லை.

எமிலியானோ கிரிஹால்வாவுக்குத்
திங்கள்தோறும் வயிற்றுவலி.
விடுப்புச் சீட்டில் அம்மாவின் கையெழுத்தை
அவனே போடுகிறான்.
அவள் சுழி ஓடும், இவன் சுழி நடுங்கும்.
எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.
இதுவரை பேசிக்கொண்டதில்லை.

போன ஜனவரிப் பனிமூட்டத்தில்
அவன் அண்ணனின் வண்டி
கால்வாய்க்குள் இறங்கிவிட்டது.
ஊரே சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது,
பிறகு
பாத்திரங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

கவுண்டி மனநல நிலையம் நாற்பத்தோரு மைல்.
காத்திருப்புப் பட்டியல் பதினோரு வாரம்.
பேருந்து நாளைக்கு இரண்டு,
இரண்டாவதில் போனால் திரும்ப வழியில்லை.

நவம்பர் நடுவில் கவுண்டிச் சபைக்குப் போனோம்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
எனக்குப் பேச வராது,
பதிவேட்டைத் திறந்து வாசித்தேன்.
வாரம், வகுப்பு, வயிற்றுவலி.
வாரம், வகுப்பு, வயிற்றுவலி.
"வயிற்றுக்கு மனநல வைத்தியமா?"
மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.
இரண்டு பேர் சிரித்தார்கள்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
நவம்பர் பாக்கி இருந்தது, அதையும் வாசித்தேன்.

ஐந்தில் மூன்று கைகள் உயர்ந்தன.

பள்ளி அறை தரும், கவுண்டி ஆள் தரும்.
அறையின் மின்கட்டணம் யாருடையது என்று முடிவாக
ஏழு வாரம்.

மல்யுத்தப் பாய்கள் அடுக்கியிருந்த அறை அது.
துப்புரவாளர் ஆர்டெல் மூன்று முறை வெள்ளையடித்தார்.
வியர்வை வாடை போகவில்லை.
உள்ளே இருப்பது யாரென்று தெரியாதபடி
சன்னல் கண்ணாடியில் மங்கல் தாள் ஒட்டினார்.
அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முதல் நாள்.
எதிரே உடற்பயிற்சிக் கூடத்தையே காணோம்,
அவ்வளவு பனி.
பள்ளிப் பேருந்துகள் இரண்டு மணி நேரம் தாமதம்
என்றது வானொலி.
எமிலியானோ நடந்தே வந்திருந்தான்.
தலைமுடியில் ஈரம்.
"வயிற்றுவலியா?"
"இல்ல. ஒன்பது மணிக்கு வரச் சொன்னாங்க."

ஒன்பது.
ஒன்பதே கால்.
தொலைபேசியில் கேட்டேன்,
ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாராம்.
நாற்காலிக் கையின் ரெக்சினை
நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான்.
பத்தடித்தால் எழுந்து போய்விடுவான்.
ஒரு பெட்டிப் பென்சிலை அவன் முன் வைத்து
சீவித் தா என்றேன்.
எதற்கென்று கேட்கவில்லை.
நாற்பத்து நான்கு பென்சில்.
நாற்பதாவதைச் சீவும்போது
வெண்மைக்குள் மஞ்சளாய் இரண்டு புள்ளி,
நடைவேகத்தில்.

காவ் ஷுவா ஷோங்,
கவுண்டி அடையாள அட்டை, காலணியில் சேறு,
இடது கை முழுக்க நனைந்த சட்டை.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.
அதற்குள் அவன் கேட்டான்:
"கண்ணாடியை இறக்கி வச்சா ஓட்டினீங்க?"

"வழி முழுக்க.
கண் தெரியல, காதாலதான் வந்தேன்."

தலையாட்டினான்.
மிச்சம் நான்கையும் சீவி முடித்துவிட்டு
அவர் பின்னால் போனான்.
கதவு சாத்தியது.

அன்றைக்குப் பதிவேட்டில்
பள்ளி முழுவதற்கும் தாமதக் குறி.
அவன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.
வந்தவர்களுக்கு எழுத்து கிடையாது.

ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குத்தான்.
அப்புறம் மறுபடி மூன்று நிமிடம் தருவார்கள்.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.