ஒரு கண்ணை மூடி

பஹாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
லிம் தவுக்கேயின் துப்பாக்கிக் கடை.
"என்ன சுடணும்?"
பன்றி என்றேன்.
நட்டு எட்டு மாதமான செம்பனைக் குருத்தை
வெங்காயம் மாதிரி உரித்துத் தின்கிறது.
போன கிழமை மட்டும் நாற்பத்தொரு கன்று.
"வேற?"
குரங்கு. முள்ளம்பன்றி.
எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் தவுக்கே,
இரண்டு வாங்கச் சம்பளம் காணாது.

அவர் சிரிக்கவில்லை.
பூட்டிய அலமாரியைத் திறந்து
ரைபிளை எடுத்தார்.
"இதுக்கு லைசன்ஸ் கிடைக்காது. சும்மா பாரு."
அறையைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு
தூங்கும் பிள்ளையைக் கைமாற்றுவதுபோல் தந்தார்.

ஸ்கோப்பில் கண் வைத்தேன்.
சாலைக்கு அந்தப் பக்கத்துக் கோப்பிக் கடை
மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.
ஆரோக்கியம்!
முந்நூறு வெள்ளி கடன் வாங்கி
சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொன்னவன்
ரொட்டியை அரைவேக்காட்டு முட்டையில் தோய்க்கிறான்.
கழுத்தில் ஒரு மரு.
இருபது வருடப் பழக்கத்தில் பார்த்ததே இல்லை.
குறுக்குக் கோடு அதன்மேல் வந்து
தானாக நின்றது.

காலி என்று தெரியும்.
விரல் வியர்த்தது.

"எவ்வளவு தூரத்துல சுடுவே?"
இருட்டினால் பனை நிரையில்
முப்பது அடிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்றேன்.

பழைய ஒற்றைக்குழல், பன்னிரண்டு போர்.
கட்டையில் யாரோ கடித்த பல் தடம்.
பெருரவைத் தோட்டா பத்து
என் பேரெழுதி ஒதுக்கினார்.
போலீஸ் தாள் வரும்வரை எல்லாம் கடையிலேயே.

வெறுங்கையோடு சாலையைக் கடந்தேன்.
"அண்ணே, கோப்பி?"
உட்கார்ந்தேன்.
இந்தப் பக்கத்திலிருந்து
மரு தெரியவில்லை.