முன் இடது சக்கரம்

புதிதில் ஒன்றேகால் கோடி.
என் கைக்கு வந்தபோது பதினொன்றரை லட்சம்,
மூன்று கை மாறி, எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓடி.
"டாக்டர் வண்டிக்கா, ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பாரு"
என்றான் மதுரை புரோக்கர்.
தமிழ்நாட்டின் பழைய கார்களையெல்லாம்
ஒரே டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார்,
ஞாயிற்றுக்கிழமைகளில்.

தெரிந்துதான் வாங்கினேன்.
நண்டுக் கம்பெனிக்காரி நான்.
ஓட்டை அமுக்கினாலே சொல்வேன்
சதை நண்டா தண்ணி நண்டா என்று.
காரை அமுக்கத் தெரியவில்லை.
கதவைச் சாத்திப் பார்த்தேன்:
டொப்பென்று,
வெளியே மொத்த மதுரையும் வாயை மூடிக்கொண்டது.
அந்தச் சத்தத்துக்குத்தான் காசு.

மகனுக்கா என்றார்கள்.
மருமகன் கேட்டாரா என்றார்கள்.
எனக்கு என்றேன்.
பிறகு யாரும் கேட்கவில்லை,
பார்த்தார்கள்.

மண்டபத்தில் வீடு.
கச்சான் அடித்தால் தென்கடல் உப்பு,
வாடை அடித்தால் வடகடல் உப்பு.
இரும்புக்கு இரண்டும் ஒன்று.

முதல் வாரமே ராத்திரியோடு ராத்திரியாக
முன் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டது.
சாவியைத் திருப்பினால் முனகி,
மூச்சு வாங்கி, மெல்ல எழும்.
அதைப் பார்க்கவே பள்ளிக்கூடப் பிள்ளைகள்
ஏழரைக்கு வாசலில் நின்றன.

சென்னையிலிருந்து லேப்டாப்போடு ஒரு தம்பி வந்தான்,
ரயில், ரூம், வஞ்சிர மீன் சாப்பாடு என் கணக்கில்.
பன்னிரண்டு எர்ரரை வாசித்துக் காட்டி
நாலு பலூனையும் மாற்றணும் என்றான்,
நாலே முக்கால் லட்சம்.
இஞ்சினோடு ஒரு வத்தை வாங்கலாம்.

நம்புராசனைக் கூப்பிட்டேன்.
விசைப்படகு இஞ்சின் பார்க்கிறவர்.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறப் போனவரை
"கோயிலா இது" என்று அதட்டினேன்.
பாத்திரம் விளக்கும் சோப்பைக் கரைத்து
சக்கரத்துக்குப் பின்னால் ஊற்றிவிட்டுப்
பீடி பற்றவைத்தார்.
ரப்பர் மடிப்பில், ஊசி முனை இடத்தில்,
பொறுபொறுவென்று நுரை.

கரையில் கொட்டிய நண்டு
வாயில் தள்ளுமே, அதே நுரை.
இருபத்தாறு வருடம் பார்த்த நுரை.
அந்த நிமிடம்தான் அது என் வண்டி ஆனது.

ஒன்றை மட்டும் மாற்றினோம்,
கோயம்புத்தூர் பழைய சாமான் கடையிலிருந்து வரவழைத்து.
மிச்சம் மூன்றும் ஆண்டவர் சித்தம்.

அடிப்பக்கம் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும்.
குடம் பன்னிரண்டு ரூபாய் விற்கிற தெருவில்
காரைக் குளிப்பாட்ட எனக்கு நெஞ்சு வரவில்லை.
உடைந்து விற்காத ஐஸ் பாரைத் தொட்டியில் போட்டு
உருக உருகக் கோரி அடிக்கிறேன்.
வெயிலில் கொதித்த இரும்பு
சில்லென்று நனையும்போது
டிக் டிக் என்று ஏதோ சொல்லும்.
செலவு நோட்டில் அதற்கு ஒரு பக்கம்.
கூட்டிப் பார்ப்பதில்லை.

சரக்கு மிஞ்சிய நாட்களில்
நண்டு உடைக்கும் பெண்களுக்குக் கடைசி பஸ் போய்விடும்.
பின் சீட்டில் நாலு பேர், முன்னால் ஜெபமாலை,
தோல் சீட்டு முழுக்கக் கவிச்சி.
ஏசியை எதில் வைத்தாலும் போகாது.
முதலில் நுனியில் உட்கார்ந்தார்கள்,
இப்போது சாய்ந்து தூங்குகிறார்கள்.

செய்யதம்மாள் ஒருநாள் திரையைத் தொட்டுவிட்டாள்,
வீட்டுப் படம் போட்ட பட்டனை.
வண்டிக்குள்ளிருந்து ஒருத்தி இங்கிலீஷில் பேசினாள்.
சென்னையில் ஏதோ ஒரு தெரு,
ஐநூற்று அறுபது கிலோமீட்டர்,
முடிந்த இடத்தில் திரும்பச் சொல்கிறாள்.
"அவளுக்கு இன்னும் பழைய வீட்டு நெனப்பு"
என்றாள் ஜெபமாலை.
உச்சிப்புளி வரை சிரித்துக்கொண்டே போனோம்.
அவளும் விடவில்லை,
திரும்பு, திரும்பு.

அழிக்கலாமாம். அழிக்கவில்லை.

காலையில் எழுந்ததும்
முன் இடது சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவே
விரலை வைத்துப் பார்ப்பேன்.
நாலு விரல் இருக்க வேண்டும்.

இன்று மூன்றரை.