புல எண் 214/3

வாலிநோக்கம் தாண்டி
தார்ச்சாலை மணலிடம் தோற்கிற இடத்தில்
ஆட்டோ நின்றது.
"இதுக்கு மேல புதையும் மேடம்" என்றார் நைனா.

பதிவேட்டில் இந்த இடம் தரிசு.
மரம் இல்லை. கட்டடம் இல்லை.
எதிரே நிற்கிறது
இரண்டு மாடி உயரத்துக்கு
அந்த இல்லாத கட்டடம்.

ஜமீனில் ஒருவர் கப்பலேறிப் போய்
எந்த ராஜாவின் மாளிகையையோ பார்த்துவிட்டு வந்து
அதேபோல் வேண்டும் என்று
படத்தைக் காட்டிக் காட்டிக்
கொத்தர்களைப் படுத்தினாராம்.
தூணுக்கு முறுக்கு, உச்சியில் இலைக்கொத்து,
வளைவுக்கு வளைவு சிறகுள்ள குழந்தைகள்.
கொத்தர்கள் தாங்கள் பார்த்த குழந்தைகளையே செய்திருக்கிறார்கள்:
தொப்புள் துருத்தி,
இடுப்பில் அரைஞாண் கட்டி.
ஒன்றுக்கு மூக்கில்லை.
ஒன்றின் சிறகில் நண்டுவலை காய்கிறது.

காரை உதிர்ந்த இடமெல்லாம்
பவளப்பாறை.
மூளை மடிப்பு, தேனடைக் கண்.
கடலைப் பெயர்த்துக் கட்டியிருக்கிறார்கள்,
மாடியில் உட்கார்ந்து கடலைப் பார்க்க.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
இன்னும் உப்பு.

இது பூங்காவாம்.
கோடு கிழித்த நடைபாதைகளாம், ரோஜாவாம்.
சீமைக் கருவேலம் எல்லாக் கோட்டையும் அழித்துவிட்டது.
டேப் நுனியோடு உள்ளே போன இருளாண்டி
"முப்பத்தாறு நாப்பது" என்று கத்துகிறார்.
அப்புறம் "முள்ளு" என்று கத்துகிறார்.
நான் முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டேன்.
நடுவே ஒரு பொந்தன்புளி,
ஏழு பேர் கைகோத்தாலும் எட்டாத இடுப்போடு.
குதிரைக் கப்பல் வந்த காலத்து மரம் என்கிறார் நைனா.
பதிவேட்டில் அதுவும் இல்லை.

கூரை போன நடனக் கூடத்தில்
கடற்பாசி காய்கிறது.
கறுப்புக் கட்டமெல்லாம் பூரணவல்லிக்கு,
வெள்ளைக் கட்டம் அவள் நாத்தனாருக்கு.
சண்டை வந்தபோது
ஜமீன் போட்ட தரைதான் பஞ்சாயத்து.

வெளியே
நான்கு சிங்கங்கள் வாய் திறந்திருக்கும் நீரூற்று.
ஒருநாளும் பீச்சியதில்லை;
எந்திரம் வந்த கப்பல் வரவேயில்லையாம்.
தொட்டியின் அடியைக் கடப்பாரையால் உடைத்து
கீழே மணலைத் தோண்டி
பூரணவல்லி குந்தியிருக்கிறாள்.
கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு
குடத்தில் விடுகிறாள்.
அலை நாற்பது தப்படியில்.

"குடிச்சுப் பாருங்க."
குடித்தேன்.
கரிக்கவில்லை.
இந்தப் பக்கத்தில் அதற்குப் பேர் இனிப்பு.

நாளைக்கு அறிக்கை போக வேண்டும்,
சூரியத் தகடு கம்பெனி காத்திருக்கிறது.
தரிசு என்றால் ஒரே கையெழுத்து.
கட்டடம் என்றால் கோப்பு சென்னைக்குப் போய்
எப்போது திரும்புமோ.
நீர்நிலை என்றால்
யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

"எவ்வளவு ஆழம்?"
"எதுக்குக் கேக்குறீக?"

டேப்பை உள்ளே இறக்கினேன்.
காலில் முள்ளைத் தேடிக்கொண்டே
இருளாண்டி வாசித்தார்:
"ஒண்ணு புள்ளி நாலு."

கட்டடம் என்ற கலத்தில்
பழையபடி இல்லை.
குறிப்பில்:
ஊற்று, ஒன்று. பயன்பாட்டில்.

சிங்கங்களை எழுத
கட்டமில்லை.