வலது பக்கம்

பழசுக்கு வலது பக்கம் செத்து
நாலு வருசம்.
மூணு இயர்போன் மாற்றிப் பார்த்தேன்.
குழிக்குள் ஊதினேன், ஊக்கு விட்டு நெம்பினேன்.
"இனி ஒத்தக் காதுதானுங்ணா" என்றான்
கருமத்தம்பட்டி முக்குக் கடை நூர்தீன்.
போதும் என்று வந்துவிட்டேன்.

எட்டுத் தறி ஓட்டுகிறவனுக்கு
வலது காது தறிக்குச் சொந்தம்.
ஊடை தீர்ந்தால், பாவிழை அறுந்தால்,
நாடா பாதி வழியில் நின்றால்
சத்தத்தில் ஒரு பல் விழுந்தாட்டம் இருக்கும்.
கண் பார்ப்பதற்குள் கால் போய்விடும்.
இடது காதுக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு.

பேர் தெரியாது, நம்பர்தான்.
நாற்பத்தேழு முடிந்தால் டீ வரும்.
நூற்றுப் பதினெட்டு பாட்டே கிடையாது:
"ஹலோ, ஹலோ, கேக்குதா? டேய், கதவச் சாத்து."
அவ்வளவுதான்.
பாட்டு ஏற்றிய அன்று யாரோ சோதித்துப் பார்த்தது.
அழிக்கச் சொல்லவில்லை.
ராத்திரி ரெண்டு மணிக்கு
கேக்குதுடா என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

பிறகு சார்ஜ் அரை ஷிப்டுக்கே தாங்காமல் போய்
தீவாளி நோம்பி போனஸில் புதுசு வாங்கினேன்.
தீப்பெட்டி அளவு, முகமெல்லாம் கண்ணாடி.
தடவினால் மாறும் என்றான்.
பஞ்சும் எண்ணெயும் பூசின விரலுக்கு
மாறவில்லை.
பழசில் இருந்ததை ஒட்டுக்கா அள்ளி
புதுசில் கொட்டினான் நூர்தீன்.
நம்பரெல்லாம் கலைந்து எழுத்து வரிசை.
நாற்பத்தேழு எங்கே போனதென்று தெரியாமல்
அந்த வாரம் முழுக்க
டீ அதன் இஷ்டத்துக்கு வந்தது.

முதல் நாள் ராத்திரி ஷிப்டு.
ஒரு பாட்டில் அவன் ஒரு வரி பாடுவான்,
நிறுத்துவான்,
மறுபடி அதையே கேட்பான், கெஞ்சுவான்.
நாலு வருசமாக அவளிடமிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.
என்ன கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருக்கிறேன்.
வீட்டில் ஒருதடவை வாய்விட்டுச் சொல்லி
சம்சாரம் யாரைச் சொல்கிறேன் என்று
ரெண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் கேட்டேன்.
வலது பக்கமிருந்து
அவள் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.
ஒவ்வொரு வரிக்கும். ஒன்றுவிடாமல்.
கொஞ்சம் சிரித்துக்கூட.

நின்ற இடத்தில் நின்றுவிட்டேன்.
ஆறாம் தறியில் இழை அறுந்து
ஒன்றரை அடி ஓடியிருந்தது.
காலையில் முதலாளி கிட்டுசாமி
துணியை லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து
அந்த ஓட்டை வழியாக என் முகத்தைப் பார்த்தார்.
ஒன்றும் பேசவில்லை.
சனிக்கிழமைக் கூலியில் பேசினார்.

சரி, வீட்டில் கேட்கலாம் என்று
ஞாயிற்றுக்கிழமை ரெண்டு காதிலும் மாட்டிப் படுத்தேன்.
அவன் இருந்தான், அவளும் இருந்தாள்,
வயலின், புல்லாங்குழல், கூட்டமாய் ஹம்மிங்,
ஒரு கல்யாண வீடே வலது பக்கம் குடியிருந்தது.
என்னமோ குறைந்தது.
மூணாவது பாட்டில்தான் பிடிபட்டது:
தாளம்.
சடக்குப் படக்கென்று ஒன்று
எல்லாப் பாட்டிலும் இருக்குமே,
அது பாட்டில் இருந்ததே இல்லை.

இப்போது வேலையில் இடது மட்டும்.
வலது துண்டு சட்டைப் பாக்கெட்டுக்குள் கிடந்து
அவள் அங்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பழசைத் துளசிமணி கேட்டாள்,
தார் சுற்றுகிறவள்.
"கேக்குமுங்களா?"
"இடது மட்டும் கேக்கும்."
"எனக்கு அந்தக் காது
தறிக்குப் போயி ஏழு வருசமாச்சுங்களே."
நான் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள்
இடது துண்டை எடுத்துத் திருப்பி
வலது காதில் செருகிக்கொண்டாள்.
வயர் கழுத்தைக் குறுக்கே சுற்றிக்கொண்டு நின்றது.

நாலு வருசம்.
எனக்கு இது தோன்றவே இல்லை.

தார் மெசின் பக்கம் போனவள்
கொஞ்ச நேரம் கழித்து
வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு
எட்டுத் தறிக்கும் மேலே கத்தினாள்:
"யாருங்க இது,
கதவச் சாத்தச் சொல்றது?"