ஐந்தாம் பாடத்தில் ஒரு நாற்காலி

புத்தகம் வேறொரு தேசத்திலிருந்து வந்திருந்தது.
அதில் பனி பெய்தது.
மாடிப்படியின் கடைசிப் படியில் அமர்ந்து
ஒரு பையன் தன் கோபம் ஆறக் காத்திருந்தான்.
பின்னால் தோட்டம், நாய்,
ஆளுக்கு ஓர் அறை.

தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள்.
பக்கத்துக்கு மூன்று ரியால்.

ரூவியில், கிளினிக்கின் காத்திருப்புக் கூடத்தில்,
வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு.
பதினோரு பேர். இரைகிற ஏசி.
ஜன்னல் நிறைய
ஒரு புல்கூட முளைக்காத மலை.

"பிள்ளை முரண்டு பிடித்தால்
தனியாக ஒரு நாற்காலியில்
வயதுக்கு ஒரு நிமிடம்" என்று வாசித்தேன்.
டெல்பின் சிரித்துவிட்டாள்.
ஒரே ஹால், நடுவில் பிளைவுட், இரண்டு குடும்பம்.
நாற்காலி ஒன்று உண்டு,
அதில் இஸ்திரிக்குக் காத்திருக்கும் யூனிஃபார்ம்.
"தனியா ஒரு இடம் இருந்தா
முதல்ல நான் போய் உட்காருவேன் அக்கா.
என் வயசுக்கு முப்பத்தி நாலு நிமிஷம்."

எல்லை வகுப்பது நல்லது என்றேன்.
எல்லை என்றதும்
விசா முடியும் தேதி ஞாபகம் வந்தது சிலருக்கு.
அந்தச் சொல்லை அடித்தேன்.

"பாராட்டுங்கள், தினம் பத்து முறை,
பிறர் காதுபட."
மெகராஜ் பானு தலையசைக்கவில்லை.
காது பட்டால் கண்ணும் படுமே.
மகன் முதல் ரேங்க் வாங்கிய அன்று
"சுமார்தான்" என்று லிஃப்டில் சொன்னவள் அவள்.
அவன் தூங்கிய பிறகு
நெற்றியைத் தடவி மற்றதைச் சொன்னாளாம்.
நான் எழுதினேன்:
விழித்திருக்கும்போது சொல்லுங்கள்,
கதவைச் சாத்திவிட்டு, காதோடு.
இது மூலத்தில் இல்லை.

டீ வந்தது. பிஸ்கட் வந்தது.
டெல்பின் டம்ளரைப் பார்த்தபடி சொன்னாள்:
"நான் அடிக்கிறதில்லை அக்கா.
கிள்ளுவேன்.
கிள்ளினா சத்தம் வராது.
தடுப்புக்கு அந்தப் பக்கம்
நைட் டியூட்டி முடிச்சுத் தூங்குவாங்க."

புத்தகத்தில் அடிக்கு ஒரு பாடம் இருந்தது.
கிள்ளுக்கு இல்லை.
மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம் கொஞ்ச நேரம்.

கடைசி வரிசையில் சடையாண்டி,
காலா கேம்ப், கிரேன் ஆபரேட்டர்.
பிள்ளை இங்கே இல்லாதவர்கள்
வரத் தேவையில்லை என்றது படிவம்.
அவர் பெண் சாயல்குடியில், எட்டு வயது.
அவர் வந்தார்.
மூன்று வாரம் வாய் திறக்கவில்லை.

"அந்த நாற்காலி" என்றார் அன்று.
"எம் பொண்ணுக்குக் கோவம் வந்தா
போனைக் கவுத்து வச்சிருவா.
மேசையோட இருட்டு மட்டும் தெரியும்.
ஒரு நாள் பதினாறு நிமிஷம்.
அப்ப உட்கார்றது நான்தானே?"

யாரும் சிரிக்கவில்லை.
"கட் பண்ணிருவீங்களா?"
"அது எப்படி."

அன்றிரவு ஐந்தாம் பாடத்தில்
நாற்காலியைத் தூக்கிவிட்டு எழுதினேன்:
அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.
கெஞ்ச வேண்டாம், மிரட்ட வேண்டாம்,
பொம்மை வாங்கித் தருவதாகச் சொல்ல வேண்டாம்.
இருப்பது தெரியும்படி
எப்போதாவது இருமுங்கள்.

அலுவலகம் சிவப்பில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியது:
"மூலத்தில் இருமல் எங்கே இருக்கிறது?"
அந்தப் பக்கத்துக்கான மூன்று ரியால்
இன்னும் நிலுவையில் உள்ளது.

அடுத்த வெள்ளிக்கிழமை
செருப்பை வாசலில் விடும்போதே சொன்னார் சடையாண்டி:
"இருமினேன்மா."

என்ன ஆயிற்று?

"போனை நிமித்தலை.
இருட்டுக்குள்ள இருந்தே
தண்ணி குடிங்கன்னா."